அழிறப்பரை அளந்த நானா

அழிறப்பர் தேய்ந்த அளவைப் பார்த்து மனிதரின் மனதை எடைபோட்ட ஆள் உலகத்திலேயே ஒருவர்தான். சொந்தப் பெயர் வருகைப் பதிவேட்டில் இருந்திருக்கும். எங்களுக்கு அவர் அழிறப்பர் நானா, அதாவது அழிறப்பர் அண்ணன். கலகெதரயிலிருந்து தினமும் பஸ்ஸில் தொங்கிக்கொண்டு எங்கள் விஞ்ஞான பீடத்துக்கு வந்த ஆய்வு உதவியாளர்.

ஆரம்பத்தில் மனிதர் ஒழுங்காகத்தான் இருந்தார். மாணவர்களுக்குத் தங்கள் விஞ்ஞானத் திறமையில் எவ்வளவு நம்பிக்கை இருக்கிறது என்பதுதான் அவருடைய ஆய்வு. ‘இரசாயனக் கணக்கை என்னால் தனியாகச் செய்ய முடியும்’ என்பதுபோல ஒரு தாள் நிறைய வசனங்கள். ஒவ்வொன்றுக்கும் ஒன்றிலிருந்து ஐந்து வரை புள்ளி போட வேண்டும். வகுப்பே மூன்று போட்டது. ஐந்து போட்டால் கண்படும், தலைக்கனம் என்பார்கள். ஒன்று போட்டால் விரிவுரையாளர் கண்ணில் பட்டுவிடும். நடுவில் நின்றவனுக்கு எந்தக் காலத்தில் வம்பு வந்தது?

தாள்களைப் புரட்டிய நானா தலையில் கைவைத்துக்கொண்டார்.

“என்ன புள்ளைகளே, ஒருத்தருக்காச்சும் தெரியும்னும் இல்ல, தெரியாதுன்னும் இல்ல! வாய்தான் பொய் சொல்லும். கை சொல்லாது.”

அடுத்த திங்கட்கிழமை எல்லாருக்கும் ஒரே அளவில் புது அழிறப்பர் கொடுத்தார். வெள்ளிக்கிழமை ஆய்வுகூடத்து வேர்ணியர் இடுக்கிமானியோடு வந்து, வரிசையில் நிற்கவைத்து ஒவ்வொன்றாக அளந்தார். கூடுதலாகத் தேய்ந்திருந்தால் நம்பிக்கை குறைவாம்.

பிலிமத்தலாவைப் பையன் ஒருவன் அந்த வாரம் முழுக்க அழிறப்பரைக் கிள்ளி, முன் கதிரைக்காரர்கள் மேல் எறிந்து விளையாடியிருந்தான். அளந்து பார்த்த நானாவின் முகம் வாடிவிட்டது. “தம்பி, ஊட்டுல ஏதும் பிரச்சினையா?” என்று தோளில் கைபோட்டு, கேன்டீனுக்குக் கூட்டிப்போய்த் தேத்தண்ணியும் ரோல்ஸும் வாங்கிக் கொடுத்தார். அடுத்த வாரம் வகுப்பில் பாதிப்பேர் அழிறப்பரைக் கிள்ளினார்கள்.

நான் கிள்ளத் தேவையே இருக்கவில்லை. எனக்குத் தானாகவே பட்டாணி அளவுக்கு வந்துவிடும். புசல்லாவைத் தேயிலைத் தோட்டத்திலிருந்து வந்தவள் நான். பக்கத்தில் இருந்தவனோ கண்டி நகரத்துப் பெரிய பள்ளிக்கூடத்துப் பிள்ளை. கணக்கையெல்லாம் நேராகப் பேனாவால் எழுதுவான். பேனாவால் எழுதுகிறவன் பிழை விடுவானா? அவனுடைய விடையை எட்டிப்பார்ப்பேன், என்னுடையதை அழித்துவிடுவேன்.

இரசாயனவியல் சிறப்புப் பட்டத்துக்கு விண்ணப்பிக்கக் கடைசி நாளும் ஒரு வெள்ளிக்கிழமைதான். நான்கு மணிக்கு அலுவலகத்தைப் பூட்டிவிடுவார்கள். படிவம் என் பையில் வெறுமையாகக் கிடந்தது.

“போடல்லியா?” என்றார் நானா, என் பட்டாணியை அளந்துகொண்டே.

“இல்ல நானா, எனக்கு அதெல்லாம் சரிவராது. சாதாரணப் பட்டத்த முடிச்சிட்டு ஊர்ப்பக்கம் போயிருவேன்.”

அவர் என் பயிற்சிக் கொப்பியைப் பிடுங்கிக்கொண்டு ஜன்னலுக்குப் போனார். ஒவ்வொரு பக்கத்தையும் வெளிச்சத்தில் சரித்துச் சரித்துப் பார்த்தார். நான் பென்சிலை அழுத்தி எழுதுகிறவள். அழித்தாலும் தடம் போகாது. பிறகு திரும்பினார்.

“தங்கச்சி, நீங்க அழிச்ச விடையெல்லாம் சரி. அழிச்சிட்டு எழுதினதுதான் பிழை. இத யாரப் பாத்து எழுதினீங்க?”

நான் பக்கத்துக் கதிரையைப் பார்த்தேன். பேனாக்காரன் மேசைக்குக் கீழே எதையோ தேடினான்.

அப்போது மணி மூன்றரை. நானா என்னை அலுவலகத்துக்கு ஓடவைத்தார், தானும் பின்னால் ஓடிவந்தார்.

“ஃபெயிலானா என்ன பண்றது நானா?”

“ஃபெயிலானா வந்து எனக்கு ஏசுங்க. இப்ப ஃபோர்ம நிரப்பி சைன வைங்க.”

வைத்தேன். இடம் கிடைத்தது, படித்தேன், இன்றைக்கு இரசாயனத்தில்தான் சோறு சாப்பிடுகிறேன். பாவம், நானாவின் ஆய்வைத்தான் பேராசிரியர்கள் ஏற்கவில்லை. அழிறப்பர் தேய ஆயிரம் காரணம் இருக்கலாமாம். உண்மைதான், பாதிக் காரணத்தை நாங்கள் கேன்டீனில் குடித்துத் தீர்த்துவிட்டோமே! அதை நினைத்தால் இப்போதும் வெட்கமாக இருக்கிறது.

படிவத்தைக் கொடுத்துவிட்டதால் எனக்கு என்மேல் உடனே நம்பிக்கை வந்துவிடவில்லை. அதற்கு இன்னும் இரண்டு வருடம் எடுத்தது. அதுவரைக்கும் நானா என்மேல் வைத்திருந்த நம்பிக்கையில்தான் சமாளித்தேன்.