போனுக்குக் கேட்காமல் பேசவும்

உலகத்து விமான நிலையங்களின் நாற்காலிகளில் படுத்து முதுகுவலி வாங்கியவர்களைக் கணக்கெடுத்தால் பாதிப்பேர் பெரம்பலூர்க்காரர்களாக இருப்பார்கள். இந்த ஊருக்கு ரயிலே கிடையாது. எங்கே போவதானாலும் முதலில் பஸ் ஏற வேண்டும். அப்படிப்பட்ட ஊரின் சனங்களைக் கொழும்பிலும் அபுதாபியிலும் கோலாலம்பூரிலும் மணிக்கணக்கில் குந்த வைத்த பெருமை ஒரே ஒரு மனிதரைச் சேரும். எங்கள் தெருவில் அவருக்கு 'ஸ்டேஜ்' என்று பெயர். பெற்றோர் வைத்த பெயர் ரேஷன் கார்டில் இருக்கக்கூடும்.

ஸ்டேஜ் முப்பது வருடம் அரசு பஸ்ஸில் கண்டக்டராக இருந்து ஓய்வு பெற்றவர். விமானத்தில் ஒருமுறைகூட ஏறியதில்லை. ஆனால் தெருவில் யார் வெளிநாடு கிளம்பினாலும் டிக்கெட் போடுவது அவர்தான். கமிஷன் கிடையாது, காபி மட்டும். எவ்வளவு மிச்சம் என்று கேட்டு அடுத்தவர் வாயைப் பிளப்பதுதான் அவருக்குச் சம்பளம்.

அவருடைய தத்துவத்தில் ஆகாயமும் ஒரு ரூட், அதிலும் கட்டணம் மாறும் ஸ்டேஜ் உண்டு. ஒரு ஸ்டேஜ் முன்னால் இறங்கி நடந்தால் பஸ்ஸில் காசு மிச்சமாவது போல விமானத்திலும் ஆக வேண்டும். "பிளைட்டுன்னா என்ன சார், கதவ சாத்திட்டு ஓட்டற பஸ்ஸு" என்பார்.

நான் கருவூலத்தில் கண்காணிப்பாளராக இருந்தவன். நிபந்தனைகளைக் கடைசி வரி வரை படிக்காமல் எதிலும் கையெழுத்துப் போட்டதில்லை. விமான டிக்கெட்டின் நிபந்தனைகளையும் படித்திருக்கிறேன். ஆகவே ஸ்டேஜுக்கும் எனக்கும் ஒத்துப்போனதில்லை. மீன்சுருட்டி விவசாயி ஒருவரின் கதைக்குப் பிறகு அடியோடு ஒத்துப்போகவில்லை.

அந்த விவசாயிக்குத் துபாயில் மகன். துபாய் டிக்கெட்டைவிடத் துபாய் வழியாகப் பஹ்ரைன் போகும் டிக்கெட் நாலாயிரம் ரூபாய் குறைவு என்று ஸ்டேஜ் கண்டுபிடித்தார். பஹ்ரைனுக்கு எடுத்து, துபாயில் இறங்கிக்கொள்ளச் சொல்லி அனுப்பினார். விவசாயி இறங்கிவிட்டார். மகனுக்காக அவர் கொண்டுபோன ஒரு மூட்டை முந்திரிப் பருப்பு இறங்கவில்லை. அது டிக்கெட்டில் கண்டபடி பஹ்ரைன் போய்ச் சேர்ந்தது. பயணத்தில் ஒரு கட்டத்தை விட்டுவிட்டால் மிச்ச டிக்கெட் செல்லாது என்பதும் நிபந்தனையில் இருக்கிறது. ஆகவே திரும்பி வருவதற்குப் புதிதாக ஒரு டிக்கெட். நான் இதையெல்லாம் எடுத்துச் சொன்னபோது ஸ்டேஜ் துளியும் கலங்கவில்லை.

"பஸ்ஸுல மூட்டை ஆளோடதான சார் எறங்கும்? அவன் எறக்காம போனா அது அவன் தப்பு. போற வழி லாபம்தான?"

ஏலாக்குறிச்சியிலிருந்து ஓய்வு பெற்ற டீச்சரம்மா ஒருவர் வந்தார். மகன் வெளிநாட்டில் இரண்டு கார் வைத்திருக்கிறான். அம்மாவுக்கு ஒரு டிக்கெட் அனுப்ப மட்டும் அவனுக்குக் கை வராது. 'ஸ்டேஜ் அங்கிள்கிட்ட கேளும்மா' என்று சொல்லிவிட்டான். ஸ்டேஜ் எடுத்த டிக்கெட்டில் ஏழு கிலோ கைப்பை மட்டும்தான் அனுமதி. பைக்குத்தான் எடை, ஆளுக்கு எடை போடுவதில்லை என்று அவர் விளக்கினார். டீச்சரம்மா சித்திரை வெயிலில் இரண்டு புடவை, ஒரு ஸ்வெட்டர், அதன்மேல் ரெயின்கோட் அணிந்து, கோட்டின் பைகளில் மூன்று கிலோ அதிரசத்துடன் நாடு கடந்தார். அதில் ஒன்றைக்கூட மருமகள் தொடவில்லையாம், எண்ணெய்ப் பலகாரம் என்று.

இதெல்லாம்கூடப் பரவாயில்லை. விலை குறைய அவர் கடைப்பிடித்த ஆசாரங்கள்தான் பொறுக்க முடியாதவை. ஒரே இடத்தில் இரண்டு நாள் போனில் தேடினால், டிக்கெட் விற்கும் 'அவன்' நம் போன் டவரைப் பார்த்து வைத்துக்கொள்வானாம். மூன்றாம் நாள் ஓய்வு பெற்றோர் பாஸைக் காட்டி அரியலூர் போய், சிமெண்ட் லாரிப் புழுதிக்கு நடுவே பஸ் ஸ்டாண்டில் உட்கார்ந்து புதிய ஆள் போலத் தேடுவார். எல்லாவற்றுக்கும் மேலான விதி ஒன்று உண்டு.

"போன் பக்கத்துல அவசரம்னு மட்டும் சொல்லிடாதீங்க சார். கேட்டுக்கிட்டே இருப்பான். சொன்னா அந்த நிமிசமே வெலய ஏத்திடுவான்."

ஆகவே பயணக் காரணத்தைப் பேசும்போது போன் அரிசி டின்னுக்குள் போய்விடும். அதன் பிறகும் குரலை நம்பாமல் ஜாடையில்தான் சொல்ல வேண்டும்.

இப்படி ஒரு மனிதரிடம் நானும் போய்ச் சிக்கினேன். சிங்கப்பூரில் இருக்கும் என் மகளுக்குத் தலைப்பிரசவம். என் மனைவி போக வேண்டும். நான் போய் ஒரு பயனும் இல்லை என்று தாயும் மகளும் ஒருமனதாகத் தீர்மானித்திருந்தார்கள். விசாவை நான் ஒரு பிழை இல்லாமல் வாங்கிவிட்டேன். டிக்கெட்டுக்கு மட்டும் ஸ்டேஜைக் கூப்பிடச் சொன்னாள் மனைவி. வந்தார். போன் அரிசி டின்னுக்குள் போயிற்று. என் மனைவி அறுபத்திரண்டு வயதில் வாசலில் நின்று வயிற்றின் மேல் கையை வட்டமாக வரைந்து, பத்து விரலையும் காட்டினாள். அதைப் பார்த்த எதிர்வீட்டுக்காரர் இன்றுவரை என்னிடம் சரியாக முகம் கொடுத்துப் பேசுவதில்லை.

"சிங்கப்பூருக்கு எதுக்கு எடுக்கணும்? ஒரு ஸ்டேஜ் முன்னாடி கோலாலம்பூர்ல எறங்கி பஸ்ஸு புடிங்க. இங்கேர்ந்து மெட்ராஸ் போற தூரந்தான் அக்கா."

பிரசவ தேதிக்குப் பத்து நாள் முன்னதாக, ஒரு செவ்வாய்க்கிழமைக்கு, அரியலூரில் வைத்து எடுத்தார். தேதி மாற்ற முடியாத, பணம் திரும்பாத டிக்கெட். நிபந்தனையைப் படித்தேன். ஆனால் மிச்சமாகும் தொகையையும் பார்த்தேன். படித்தவனின் புத்தியும் அந்த இடத்தில் அவ்வளவுதான்.

பயணத்துக்குப் பன்னிரண்டு நாள் இருக்கும்போது காலை ஒன்பது மணிக்கு மருமகன் பேசினார். மகளுக்கு ரத்தக் கொதிப்பு ஏறிவிட்டது, நாளை மதியம் ஆபரேஷன் செய்து குழந்தையை எடுக்கப் போகிறார்கள். மகள் போனை வாங்கி, "அம்மா வந்துடுவாங்களாப்பா?" என்று ஒரு தடவைதான் கேட்டாள்.

நான் எனக்குத் தெரிந்ததைச் செய்தேன். டிக்கெட்டின் நிபந்தனைகளைத் திறந்து, தேதி மாற்றுவது பற்றிய பிரிவை உரக்கப் படிக்கத் தொடங்கினேன். விமான நிறுவனத்துக்கு ஒரு விண்ணப்பம் எழுதலாமா என்றும் கேட்டேன்.

"ஏங்க, அந்த விதிய மூடி வைங்க. எம் பொண்ணு அங்க தனியா கெடக்கறா" என்றாள் மனைவி.

சத்தம் கேட்டு ஸ்டேஜ் வந்து நின்றார். பழக்க தோஷத்தில் நான் அரிசி டின்னை எடுத்து நீட்டினேன். அவர் அதைக் கையால் தள்ளிவிட்டார்.

"வாய விட்டுச் சொல்லுங்க சார். என்னா ஆச்சு?"

சொன்னேன். அரியலூர் போக வேண்டும் என்று அவர் சொல்வார் என எதிர்பார்த்தேன். அவர் அங்கேயே தரையில் உட்கார்ந்து, போனை வாய்க்குப் பக்கத்தில் பிடித்து, முப்பது வருடம் டிக்கெட் டிக்கெட் என்று கூவிய குரலில் பேசினார்.

"அவசரம். கேட்டுதா? அவசரந்தான். ஏத்திக்க, எவ்ளோ வேணாலும் ஏத்திக்க. டைரக்டா குடு."

அன்று இரவே திருச்சியிலிருந்து நேராகச் சிங்கப்பூர் போகும் விமானத்தில் ஓர் இடம் இருந்தது. கட்டணம் தெரியும் இடத்தைக் கட்டைவிரலால் மூடிக்கொண்டு, மற்றொரு கையால் என் கார்டின் எண்களை அடித்து முடித்தார். நானும் அந்த விரலை எடுக்கச் சொல்லவில்லை. பிறகு, பஸ் பாஸை உயிர்போல வைத்திருந்த மனிதர், "கார் சொல்லுங்க சார்" என்றார். திருச்சி விமான நிலையம் வரை கூடவே வந்தார். என் மனைவி கண்ணாடிக் கதவுக்குள் போனபோது பக்கத்தில் மெதுவாக, "போலாம், ரைட்" என்று ஒரு குரல் கேட்டது.

மறுநாள் மதியம் பேத்தி பிறந்தாள். ஆபரேஷன் அறைக்கு மகளைத் தள்ளிக்கொண்டு போகும்போது அவள் கையைப் பிடித்துக்கொண்டு அம்மா இருந்தாள்.

ஒரு வாரம் கழித்து ஸ்டேஜ் வந்தார். நாலு நாள் சாப்பிடாதவர் போல இருந்தார். காபியைத் தொடவில்லை. அன்றிலிருந்து தினமும் அதே விமானத்தின் விலையைப் பார்த்துக்கொண்டே இருந்திருக்கிறார்.

"அதே பிளைட்டு சார். இந்தச் செவ்வாக்கெழம பாதி வெல. ஒங்களுக்கு நான் பெரிய நட்டம் பண்ணிட்டேன்."

எனக்கு என்ன வந்தது என்று தெரியவில்லை. எழுந்து போய்க் கண்ணாடியை மாட்டிக்கொண்டு வந்து, அலுவலகக் குரலில் சொன்னேன். விமானப் பயணத்தில் மருத்துவ அவசர உபவிதி என்று ஒன்று இருக்கிறது, பன்னிரண்டு-பி. டிக்கெட் எடுக்கிறவர் அவசரம் என்று வாய்விட்டுச் சொல்லியிருந்தால் பாதிக் கட்டணம் திரும்பி வரும். எனக்கு நேற்றே வந்துவிட்டது.

அவர் முகம் மலர்ந்தது. "அன்னிக்கு நான் சத்தமா சொன்னன்ல சார்?"

"அதனாலதான் வந்துச்சு."

காபியை ஒரே மடக்கில் குடித்துவிட்டுப் போனார். முப்பத்தாறு வருடச் சேவையில் நான் இல்லாத விதியை எடுத்துக்காட்டியது அந்த ஒரு தடவைதான்.

இப்போது அவர் அந்தப் பன்னிரண்டு-பியைப் பெரம்பலூர், அரியலூர் பஸ் ஸ்டாண்டுகளில் பார்ப்பவர்களிடமெல்லாம் சொல்லிக்கொண்டு திரிகிறார். இதைப் படிப்பவர்களில் விதி தெரிந்தவர்கள் சிலர் இருப்பீர்கள். எங்காவது பஸ்ஸில் பக்கத்து இருக்கையில் உட்கார்ந்து அவர் அதை உங்களிடமும் சொன்னால், தயவுசெய்து, தலையை மட்டும் ஆட்டிவிடுங்கள்.