கையுறை வதைப் படலம்

வாழ்க, மூன்றாம் மாடியின் முடிசூடா மன்னன்! ஸ்குரூடிரைவர் தாங்கிய செங்கையன், நின்றுபோன கம்ப்ரசர்களுக்கு மூச்சுக் கொடுத்த மாமருத்துவன், போகிற வீடெல்லாம் "எதை வெச்சாலும் மூடி வைங்க, இல்லன்னா ஒண்ணோட வாசனை இன்னொண்ணுல ஏறிடும்" என்று பதினேழு ஆண்டுகளாக அருள்வாக்குச் சொல்லிவரும் ஃபிரிட்ஜ் மெக்கானிக், வாழ்க, வாழ்க! வினிகரே, அவன் வாளியில் வந்து இறங்குக. சமையல் சோடாவே, அவன் கைப்பிடியில் குறையாதிருக்க. மேகங்களே, சனிக்கிழமை மூன்று மணிவரை அந்தப் பால்கனிப் பக்கம் தலைவைத்துப் படுக்காதீர்கள்.

போருக்கான காரணம் சிறிதன்று. மன்னனின் பத்து வயது மகள், பள்ளிக் கால்பந்து அணியின் கோல் காக்கும் கோமகள். ஆறு மாதமாகத் தண்ணீரையே கண்டிராத அவளது விளையாட்டுப் பையின் ஜிப்பைத் திறந்தால், மாடிப்படியில் படுத்திருக்கும் பூனை எழுந்து இரண்டு படி தள்ளிப் படுக்கும். அவளை மைதானத்துக்குக் காரில் அழைத்துப் போகிறவளோ எதிர்வீட்டு அக்கா. எந்த வீட்டில் என்ன தாளிக்கிறார்கள் என்பதை லிஃப்டுக்குள்ளிருந்தே சொல்லிவிடும் மூக்கரசி. சென்ற வாரம் அவள் நான்கு கண்ணாடிகளையும் இறக்கிவிட்டு, மிக மரியாதையாக, "அடுத்த வாரம் பையைத் துவைச்சு எடுத்துட்டு வாம்மா" என்றாள். பின்சீட்டுச் சிறுமியர் மூவரும் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார்கள்.

அன்று வீடு திரும்பிய கோமகள் சாப்பிடவில்லை. சுவரைப் பார்த்துப் படுத்துக்கொண்டு, "நான் இனிமே விளையாடப் போகலப்பா" என்றாள். மன்னனுக்கு நெஞ்சில் சுருக்கென்றது. பையைத் துவைப்பது தன் வேலை என்று ஆறு மாதத்துக்கு முன் மார்தட்டிக்கொண்டவன் அவன்தான்.

ஆகவே சனிக்கிழமை விடிந்ததும், லுங்கியை மடித்துக் கட்டி, பழைய பல்துலக்கியை வாளாகவும் பிளாஸ்டிக் வாளியைத் தேராகவும் கொண்டு பால்கனிப் போர்க்களம் புகுந்த அப்பெருந்தகை, பையைக் குடல் வெளிவரப் புரட்டி, அதனுள் பதுங்கியிருந்த ஒற்றைக் காலுறையையும் ஒரு காலத்தில் வாழைப்பழமாக இருந்த ஏதோவொன்றையும் சிறைப்பிடித்து, பூட்ஸுகளின் உள்தட்டுகளை உருவிச் சோடாத்தூள் தூவி, கணுக்காலிலிருந்து முழங்கால்வரை காக்கும் கவசங்களை வினிகர் வெள்ளத்தில் மூழ்கடித்து, தேய்த்து, அலசி, பிழிந்து, கொடியெங்கும் வெற்றிக்கொடிகளாக அவற்றைப் பறக்கவிட்டான். இதற்குப் புதிதாகவே வாங்கிவிடலாமே என்று மனைவி கேட்டாள். அதை அவன் எதிரியின் சூழ்ச்சியென்று தள்ளினான்.

பை பணிந்தது. பூட்ஸ் சரணடைந்தது. கவசங்கள் கப்பம் கட்டின. பந்து பிடிக்கும் கையுறைகள் மட்டும் மசியவில்லை. மும்முறை மூழ்கியும் முன்னைவிட வீறுகொண்டு நாறின அந்த மாபாதகக் கையுறைகள். வெந்நீரில் போட்டாலோ வெயிலில் காயவைத்தாலோ உள்ளங்கை நுரைப்பட்டை வெடித்துவிடும் என்பதால், ராஜ உபசாரத்தோடு நிழலில் விசிறிக் காற்று வாங்கிக்கொண்டே அவை நாறின. மணி ஒன்றரை. கோமகள் கதவோரம் நின்று எட்டிப் பார்த்தாள். அந்தப் பார்வையை அவனால் தாங்க முடியவில்லை.

அப்பொழுதன்றோ அவனுள் தொழில் விழித்தெழுந்தது! பாலைக் காப்பதும், மீனைக் காப்பதும், மருந்தைக் காப்பதும் எது? கிருமிக் குலத்தைக் கிடந்த இடத்திலேயே கட்டிப்போடுவது எது? பாய்ந்து சென்று ஃபிரீசரைத் திறந்தான். ஆட்டம் முடிந்ததும் அணித் தோழியருக்கென வாங்கி வைத்திருந்த, மூடி உடைந்த ஐஸ்கிரீம் டப்பாவுக்கும் பட்டாணிப் பொட்டலத்துக்கும் நடுவே, கையுறைகளை அப்படியே கிடத்திக் கதவை அறைந்து சாத்தினான்.

மூன்று மணிக்குக் கையுறைகள் பலகைபோல் விறைத்து வெளியே வந்தன. முகர்ந்தான். ஒன்றுமில்லை. மீண்டும் முகர்ந்தான். பனியின் வாசனை தவிர வேறில்லை! கீழே காரருகே நின்ற மூக்கரசி பையை வாங்கி, திறந்து, முகம் புதைத்து, ஊர்மெச்சும் அந்த நாசியால் ஒரு முழு மூச்சு இழுத்துவிட்டு, "பரவாயில்லையே" என்றாள். நான்கு கண்ணாடிகளும் ஒருசேர மேலேறின. இரண்டாம் மாடிக்காரர் ஒருவர் அன்று படிக்கட்டில் அவனைப் பார்த்ததாகவும், அவன் இரண்டிரண்டு படியாகத் தாவி ஏறிக்கொண்டிருந்ததாகவும் சொல்வார்.

கோமகள் அன்று மூன்று கோல்களைத் தடுத்தாள். முதல் கோலைத் தடுக்கையில் விரல் மடங்கவேயில்லை என்பதும், பந்து தானாக வந்து பலகையில் மோதித் திரும்பியது என்பதும் அவளுக்கும் பந்துக்கும் மட்டுமே தெரியும். ஒன்றுக்குச் சுழியம் என்று வென்று, சிரிப்பும் கூச்சலுமாய் வீட்டுக்குள் நுழைந்தவள், "அடுத்த வாரமும் போறேன்பா" என்றாள். மன்னனுக்குக் கண் நிறைந்துவிட்டது.

வெற்றி விருந்துக்குச் சிறுமியர் நால்வரும் மூக்கரசியும் மேசையைச் சூழ்ந்து அமர, கிண்ணங்கள் அணிவகுக்க, மன்னன் கரண்டியைச் செங்கோலென உயர்த்தி, "இந்த வீட்ல இனிமே நாத்தம்ங்கற பேச்சே கிடையாது" என்று திசையதிர முழங்கி, முதற்கிண்ணத்தை மூக்கரசிக்கு நீட்ட, அவளும் முகம் மலர்ந்து வாங்கி, ஒரு வாய் அள்ளி, உதட்டருகே கொண்டுபோய், அங்கேயே நிறுத்தினாள்.

ஐஸ்கிரீமில் கையுறை நாற்றம் அடித்தது.