முனியராஜோடு பேச்சு இல்லை

ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் வீட்டின் நடுவில் நின்று நான் பிரகடனம் செய்தேன்.

"இன்னையிலிருந்து இந்த வீட்டுக்கும் பக்கத்து வீட்டுக்கும் பேச்சு இல்லை."

என் மனைவி மாரித்தாய் வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தாள். நிமிரவில்லை. எங்கள் வீட்டில் வெங்காயத்துக்கு இருக்கிற மரியாதை எனக்குக் கிடையாது. அதற்காவது கண் கலங்குவாள்.

"எந்தப் பக்கத்து வீடு?"

"முனியராஜ் வீடு."

"எம்புட்டு நாளைக்கு?"

"பள்ளிக்கூடத்துல ஸ்போர்ட்ஸ் டே முடியுற வரைக்கும்."

முனியராஜ் என் எதிரி இல்லை. கால்சட்டை போட்ட காலத்திலிருந்து சிநேகிதன். இரண்டு பேருக்கும் தாயில்பட்டியில் ஒரே பட்டாசுக் கம்பெனியில் வேலை. அவன் பேக்கிங்கில் பெட்டி கட்டுவான். நான் லாரியில் லோடு ஏற்றிவிடுவேன். ஏற்றிவிடுகிற வேலையைக் கம்பெனியோடு நிறுத்தாமல் வீட்டிலும் செய்ததுதான் வினையாகப் போயிற்று.

என் மகள் எழிலும் அவன் மகள் பொன்மணியும் எட்டாம் வகுப்பு. ஒரே பெஞ்சு. போன வருஷம் ஸ்போர்ட்ஸ் டேயில் மெதுவாக சைக்கிள் ஓட்டுகிற போட்டி வைத்தார்கள். கால் தரையில் படக்கூடாது. கடைசியாகக் கோட்டைத் தொடுகிறவருக்குத்தான் முதல் பரிசு. உலகத்திலேயே சோம்பேறிகளை மதிக்கிற ஒரே போட்டி. என் ரத்தம் ஓடுகிற பிள்ளை அதில் தோற்கலாமா? தோற்றாள். பொன்மணி முதல், எழில் இரண்டாவது.

பரிசு ஒரு எவர்சில்வர் டம்ளர். வருஷம் பூராவும் முனியராஜ் வாசல்படியில் உட்கார்ந்து அதில்தான் டீ குடித்தான். குடிக்கட்டும், வேண்டாம் என்று சொல்லவில்லை. குடித்து முடித்ததும், 'முதல் பரிசு' என்று வெட்டியிருக்கிற பக்கம் எனக்குத் தெரிகிற மாதிரி திருப்பி வைப்பான் பாருங்கள், அங்கேதான் எனக்கு வயிறு எரிந்தது.

"போட்டின்னு வந்துட்டா சிநேகிதம் கூடாது," என்று நான் விளக்கினேன். "சிநேகிதம்னா இரக்கம் வரும். இரக்கம் வந்தா தடுமாறும். தடுமாறினா கால் தரையில படும். கால் பட்டா அவுட்டு."

எழில் ஓரமாக நின்று கேட்டுக்கொண்டிருந்தாள். "பொன்மணிகிட்ட பேசாம எப்படிப்பா? நாங்க ஒரே பெஞ்சு."

"பெஞ்சு மாறி உக்காரு."

பிள்ளை முகம் நமுத்துப்போன மத்தாப்பு மாதிரி ஆகிவிட்டது. மாரித்தாய் அந்த முகத்தைப் பார்த்தாள். பிறகு என் முகத்தைப் பார்த்தாள். அந்த இரண்டாவது பார்வையிலேயே விசாரணை முடிந்து தீர்ப்பும் எழுதியாகிவிட்டது என்பது எனக்கு அப்போது தெரியவில்லை.

"சரிங்க," என்றாள்.

கல்யாணம் ஆன நாளிலிருந்து நான் சொன்னதற்கு அவள் இத்தனை சீக்கிரம் சரி என்றதில்லை. நான் அங்கேயே பயந்திருக்க வேண்டும்.

"போட்டி உள்ளவுக பேசக்கூடாது. அதான உங்க சட்டம்?"

"அதேதான்."

"அப்ப நீங்களும் முனியராஜ் அண்ணன்கூட பேசக்கூடாது."

"நான் எதுக்குப் பேசாம இருக்கணும்?"

"பிள்ளைக்கு ஒரு சட்டம், அப்பனுக்கு ஒரு சட்டமா? நல்லா இருக்கே."

நல்லாத்தான் இல்லை. ஆனாலும் பிரகடனம் செய்தவன் பின்வாங்கக்கூடாது. பேச்சை நிறுத்தினேன். செய்தி சுவர் தாண்டிப் போய், முனியராஜும் ரோஷத்தில், "எங்களுக்கும் பேச்சு இல்ல," என்று சொல்லிவிட்டதாக மாரித்தாயே வந்து சொன்னாள். பேச்சு இல்லாத வீட்டுச் செய்தி இவளுக்கு எப்படி வந்தது என்று நான் யோசிக்கவில்லை. யோசிக்கிற பழக்கம் இருந்தால் பிரகடனமே செய்திருக்க மாட்டேன்.

மறுநாளே கஷ்டகாலம் தொடங்கியது. தினமும் முனியராஜின் டி.வி.எஸ். பிப்டியில் பின்னால் உட்கார்ந்துதான் நான் வேலைக்குப் போவேன். அன்று அவன் என்னைத் தாண்டிப் போனான். நான் மினிபஸ்ஸில் படியில் தொங்கினேன். பின் சீட் காலியாக இருக்கிற வண்டியை, படியில் தொங்குகிறவன் பார்க்கக்கூடாது.

ராத்திரி தட்டில் உப்புமா இருந்தது. மறுநாள் காலையிலும் உப்புமா. அன்று ராத்திரி வேறு மாதிரி இருந்தது. வெங்காயம் போட்ட உப்புமா.

"இட்லி, தோசையெல்லாம் என்னாச்சு?"

"கிரைண்டர் அவுக வீட்லல்ல இருக்கு," என்றாள் மாரித்தாய். "போட்டிக்கார வீட்ல போயி மாவு அரைச்சா இரக்கம் வந்துராதா?"

நான் ரவையை ரவை ரவையாக மென்றேன்.

அதைக்கூடத் தாங்கிக்கொள்ளலாம். கிரிக்கெட்டைத்தான் தாங்க முடியவில்லை. எங்கள் வீட்டில்தான் கேபிள் இருக்கிறது. மேட்ச் என்றால் முனியராஜ் வந்துவிடுவான். ஒரு சிக்ஸர் போனால் அவன் தொடையில் நான் ஓங்கி ஒரு அடி வைப்பேன். அதுதான் எங்கள் முறை. இப்போது தனியாகப் பார்த்தேன். சிக்ஸர் போனது. கையை ஓங்கிவிட்டேன். பக்கத்தில் மாரித்தாய் இருந்தாள். கையை அப்படியே திருப்பி என் தொடையில் அடித்துக்கொண்டேன். ஜன்னலுக்கு வெளியே, "சிக்ஸா?" என்று ஒரு குரல் கேட்டது. எட்டிப் பார்த்தேன். முனியராஜ் வானத்தைப் பார்த்தபடி நின்றான். வானத்திடம் கேட்டானாம்.

இப்படி இருக்கையில் பள்ளிக்கூடம் இல்லாத ஒரு சனிக்கிழமை கம்பெனிக்கு இன்ஸ்பெக்ஷன் வருகிறது என்று மத்தியானமே எல்லோரையும் அனுப்பிவிட்டார்கள். நான் வீட்டுக்குள் நுழைந்தேன். அடுப்படியில் ஆள் இல்லை. கொல்லைப்பக்கம் சிரிப்புச் சத்தம் கேட்டது. போய்ப் பார்த்தேன்.

கொல்லையில் பாய் விரித்து மாரித்தாயும் முனியராஜ் மனைவி குருவம்மாளும் உட்கார்ந்திருந்தார்கள். நடுவில் இட்லி. ஆவி பறக்கிற இட்லி. அதற்கு இரண்டு சட்னி வேறு. பின்னால் காலி மனையில் எழில் சைக்கிளில் ஆமை மாதிரி ஊர்ந்துகொண்டிருந்தாள். பொன்மணி கூடவே நடந்து, "பிரேக்கைப் பிடிக்காத, ஹேண்டில் பாரை ஆட்டிக்கிட்டே இரு," என்று சொல்லிக்கொடுத்துக்கொண்டிருந்தாள். பிறகு அதே சைக்கிளில் பொன்மணி ஏற, எழில் அவளுக்குச் சொல்லிக்கொடுத்தாள்.

அதே நேரத்தில் பக்கச் சுவருக்கு மேலே ஒரு தலை எழும்பியது. முனியராஜ். அவனையும்தான் கம்பெனியில் அனுப்பிவிட்டார்களே. அவன் இட்லியைப் பார்த்த பார்வையிலிருந்து, அவன் வீட்டிலும் உப்புமாதான் என்று தெரிந்துகொண்டேன்.

"இங்கன என்ன நடக்குது?" என்றேன்.

"நீங்க சொன்ன சட்டப்படிதான் நடக்குது," என்றாள் மாரித்தாய்.

"பேச்சு இல்லைன்னு சொன்னேன்."

"போட்டி உள்ளவுக பேசக்கூடாதுன்னு சொன்னீக. நானும் மதினியும் உக்காந்து யோசிச்சோம். எங்களுக்குள்ள போட்டி ஒண்ணும் இல்ல. பிள்ளைக போட்டி போடுதுக, இல்லைன்னு சொல்லல. ஆனா பாருங்க, ஒண்ணுக்கொண்ணு சொல்லிக்கொடுத்துப் போடுதுக. பேசாம இருக்கிற அளவுக்குப் போட்டி உங்க ரெண்டு பேருக்குத்தான். நீங்க ரெண்டு பேரும் பேசல. எல்லாம் சரியாத்தான இருக்கு?"

சுவருக்கு மேலிருந்த தலை வாயைத் திறந்தது. "அப்ப எனக்கு எதுக்கு உப்புமா?"

"அது போட்டிக்காரவுகளுக்கு," என்றாள் குருவம்மாள்.

அந்த இடத்திலேயே நான் சிரித்திருக்கலாம். அவனும் சிரித்திருப்பான். ஆளுக்கு நாலு இட்லியும் கிடைத்திருக்கும். ஆனால் ஆண்பிள்ளைக்கு ரோஷம் என்று ஒன்று இருக்கிறதே. அவன் தலை கீழே இறங்கியது. நான் கம்பீரமாகத் திரும்பி உள்ளே போனேன். அடுப்படியில் என் உப்புமா மூடி வைத்திருந்தது.

ஸ்போர்ட்ஸ் டே வந்தது. மைதானத்தில் சுண்ணாம்புக் கோடு போட்டு, மைக் செட் கட்டி, பெற்றோர் எல்லோரையும் வரச் சொல்லியிருந்தார்கள். நான் கோட்டுக்கு இந்தப் பக்கம். முனியராஜ் அந்தப் பக்கம். எங்கள் இரண்டு பேர் மனைவிமாரும் ஒரே குடைக்கு அடியில்.

டிரில் மாஸ்டர் சுந்தரபாண்டி விசில் ஊதினார். பிள்ளைகள் கிளம்பினார்கள். கிளம்பினார்கள் என்று சொல்லக்கூடாது. கிளம்பாமல் இருக்கப் பாடுபட்டார்கள். ஒவ்வொருத்தியாகக் காலை ஊன்றி வெளியேறினாள். கடைசியில் இரண்டு பேர்தான். எழில், பொன்மணி. சைக்கிள் நிற்கிறதா நகர்கிறதா என்று சக்கரத்துக்கே தெரியாது.

பிறந்ததிலிருந்து அந்தப் பிள்ளையை, "வெரசா, வெரசா," என்று விரட்டிய வாய் இது. அன்று, "மெதுவா, மெதுவா," என்று கத்தியது. நடுவில் பழக்கதோஷத்தில் ஒரு 'வெரசா' விழுந்துவிட்டது. எழில் திடுக்கிட்டு என் பக்கம் திரும்பினாள். சைக்கிள் சாய்ந்தது.

"ஏ, அங்கிட்டுப் பாக்காத," என்றது பக்கத்துச் சைக்கிள். "முன் வீலைப் பாரு."

பொன்மணிதான். எழில் வீலைப் பார்த்தாள். சைக்கிள் நிமிர்ந்தது. அப்புறம் அந்தப் பொன்மணியையே முன்னால் போகவிட்டு, ஒரு முழம் பின்னால் வந்து ஜெயித்தாள்.

பொன்மணி சைக்கிள் ஸ்டாண்டை ஓங்கி ஒரு உதை விட்டாள். கண்ணில் தண்ணீர் முட்டியிருந்தது. "அடுத்த வருசம் உன்னைய விடமாட்டேன்டி," என்றாள். "நானும் விடமாட்டேன்," என்றாள் எழில். அப்புறம் இரண்டும் கையைக் கோத்துக்கொண்டு சேமியா ஐஸ்காரனிடம் ஓடின.

என் மகள் ஜெயித்துவிட்டாள். இப்போது நான் பீற்றிக்கொள்ள வேண்டும். யாரிடம்? பக்கத்தில் நின்றவரிடம், "எம் மகதான்," என்றேன். "சந்தோசம்," என்றார், வேர்க்கடலையை உடைத்துக்கொண்டு. அதில் ஒரு ருசியும் இல்லை. பீற்றினால் வயிறெரிகிற ஆள் வேண்டும். அப்படி எனக்கு உலகத்தில் இருப்பது ஒரே ஆள். அவனோடுதான் பேச்சே இல்லை. அந்தப் பக்கம் பார்த்தேன். அவனும் இந்தப் பக்கம் பார்த்தான். இரண்டு பேரும் சட்டென்று கொடிக்கம்பத்தைப் பார்த்தோம்.

அப்போது மைக் பேசியது. "அடுத்து, அப்பாக்களுக்கான மூணு கால் ஓட்டம். முதல் ஜோடி, திரு. பாலகுரு, திரு. முனியராஜ்."

பாலகுரு என்பது நான்தான். பெயர் யார் கொடுத்தது என்று நான் கேட்கவில்லை. குடைக்கு அடியில் இரண்டு பேர் ரொம்ப அக்கறையாக வேறு எங்கேயோ பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

ஊரே பார்க்கிறது. தப்பி ஓட முடியவில்லை, அதாவது பந்தயத்தில் ஓடாமல் இருக்க முடியவில்லை. என் இடது காலையும் அவன் வலது காலையும் சேர்த்து வைத்தோம். குருவம்மாளே கயிற்றோடு வந்து குனிந்து கட்டிவிட்டாள். கால்கட்டுப் போட்டால் நான் திருந்துவேன் என்று என் அம்மா எனக்குக் கல்யாணம் செய்துவைத்தாள். ஒரு கட்டுப் பத்தவில்லை போலிருக்கிறது.

விசில் ஊதினார்கள். நான் கட்டின காலை எடுத்தேன். அவன் கட்டாத காலை எடுத்தான். இரண்டு பேரும் எட்டாய் மடிந்து விழுந்தோம்.

"ஏலே," என்றான் முனியராஜ், புழுதியைத் துப்பிக்கொண்டு. "கட்டின காலைத்தான் எடுக்கணும்னா அதை முன்கூட்டியே சொல்றதுக்கு என்ன?"

"பேசினாத்தானே சொல்றதுக்கு?"

"பேசக்கூடாதுன்னது யாரு மாப்ள? நானா?"

சட்டையில் ஒட்டின புழுதியைத் தட்டிக்கொண்டே, "எம் மக ஜெயிச்சா, பாத்தியா?" என்றேன்.

"பாத்தேன். எம் மக சொல்லலேன்னா விழுந்திருப்பா."

"அதையும் பாத்தேன்."

"நீதான்லே கத்தி விழத்தாட்டப் பாத்த."

"ஆமாலே."

அவன் வயிறெரிவது முகத்தில் நன்றாகத் தெரிந்தது. எனக்குக் குளுகுளுவென்று இருந்தது. அப்படியே பேச்சு உப்புமாவுக்குப் போயிற்று. அவன் வீட்டு உப்புமாவில் வெங்காயம்கூடக் கிடையாதாம். அங்கிருந்து மேட்சுக்குப் போனது. யாரோ தோளைத் தட்டினார்கள். சுந்தரபாண்டி.

"அண்ணே, ஓட்டம் முடிஞ்சு எம்புட்டோ நேரமாச்சு. எந்திரிங்க, அங்கன நாற்காலி போடணும்."

முடிச்சை அவிழ்க்கக் குனிந்தோம். நான் என் பக்கம் இழுத்தேன். அவன் அவன் பக்கம் இழுத்தான். முடிச்சு இறுகியது.

"எம் பொண்டாட்டி சரவெடி பின்னுறவடா," என்றான் முனியராஜ். "அவ கட்டினது வெடிச்சாத்தான் பிரியும்."

கத்தி கேட்டேன். "ஸ்கூல் கயிறுண்ணே, அறுத்துராதீக. நாளைக்குக் கொடுத்தாப் போதும்," என்று சுந்தரபாண்டி கும்பிட்டார்.

"வீட்ல போயி நிதானமா அவுத்துக்கலாம், நடங்க," என்றாள் மாரித்தாய்.

நடந்தோம். டீக்கடை எழுந்து நின்று பார்த்தது. மினிபஸ் நின்றது. "ரெண்டு ஆளு, மூணு கால். ஒண்ணரை டிக்கெட் போடட்டுமா?" என்று கண்டக்டர் கேட்டார். வேண்டாம் என்று நடந்தோம். கட்டின கால், கட்டாத கால். கட்டின கால், கட்டாத கால். பேசிக்கொண்டே போனதில் வீடு வரை ஒரு தடவைகூட விழவில்லை. போட்டியில் இப்படி நடந்திருந்தால் முதல் பரிசே வாங்கியிருப்போம்.

எங்கள் வீட்டில் டி.வி. முன்னால் கட்டின காலோடு உட்கார்ந்தோம். ஆறு மணிச் சங்கு ஊதியது. இருட்டியது. இட்லி வந்தது. தின்றோம். கம்பெனிக் கதை, ஊர்க்கதை எல்லாம் தீர்ந்து, இரண்டு பேருமே கொட்டாவி விட்டோம். அப்போது எழில் வந்து எங்கள் காலடியில் உட்கார்ந்து, முடிச்சுக்குள் விரலை விட்டு, செருகியிருந்த நுனியை ஒரு இழுப்பு இழுத்தாள். கயிறு பொலபொலவென்று கீழே விழுந்தது.

"இது வெறும் சுருக்கு முடிச்சுப்பா," என்றாள். "நீங்க ரெண்டு பேரும் பேசித் தீக்குற வரைக்கும் யாரும் தொடக்கூடாதுன்னு அம்மா சொல்லியிருந்துச்சு."