ஒரு நட்சத்திரம் போட்டால் ரொட்டி வரும்

மர்கிலானில் இருக்கும் மதிப்புக்குரிய சம்பந்தி ஹைதரலி அவர்களுக்கு, கோகந்த் சந்தையில் கலிஷ் கடை வைத்திருக்கும் சோபிர்ஜோன் சலாம் சொல்லி எழுதிக்கொள்வது. உங்கள் உடம்பையும், சம்பந்தியம்மாவின் முழங்காலையும், தோட்டத்து வாதுமை மரங்களையும், சினையாக இருந்த பசுவையும் ஒவ்வொன்றாக விசாரித்ததாக எடுத்துக்கொள்ளுங்கள். இங்கே எல்லாரும் சௌக்கியம் என்று எழுதத்தான் ஆசை. போனில் பேசியிருக்கலாம். ஆனால் உங்கள் வீட்டில் போனை யார் எடுப்பார்கள் என்று எனக்குத் தெரியும். அவள் எடுத்தால் நான் என்ன பேசுவது என்றுதான் தெரியவில்லை. அதனால் மர்கிலான் வேன்காரரிடம் இதைக் கொடுத்தனுப்புகிறேன்.

உங்கள் மகளும் என் மருமகளுமான மஸ்தூரா பையைத் தூக்கிக்கொண்டு உங்கள் வீட்டுக்கு வந்து ஒரு வாரமாகிறது. அவள் என்ன சொன்னாளோ எனக்குத் தெரியாது. நடந்ததை நடந்தபடி நான் சொல்கிறேன், தீர்ப்பை நீங்களே சொல்லுங்கள். சந்தை முன்போல இல்லை என்பது உங்களுக்கும் தெரியும். தோல் காலுறைக்கு மேல் மாட்டுகிற இந்த ரப்பர் கலிஷை வாங்க வருகிறவர்கள் என் முக்காலியில் உட்கார்ந்து, என் தேநீரைக் குடித்து, நாலு ஜோடியைப் போட்டு நடந்து பார்த்துவிட்டு, என் கண்ணெதிரேயே போனைத் தட்டி ஆந்திஜான் கடையில் வாங்குகிறார்கள். ஒருவர் "மாமா, இந்த அளவு எனக்குச் சரியா இருக்குங்களா?" என்று கேட்டார். கச்சிதமா இருக்கு என்றேன். "அப்பச் சரி, இதையே ஆர்டர் போட்டுடறேன்" என்று எழுந்து போனார். போகும்போது எனக்கு நன்றி வேறு சொன்னார். அன்றைக்கு மஸ்தூரா கடையில் இருந்தாள். மறுநாள் ஒவ்வொரு கலிஷையும் பனியில் வைத்து, முலாம்பழத்துக்குப் பக்கத்தில் வைத்து, எங்கள் பூனையை உள்ளே உட்காரவைத்துப் படம் எடுத்து, போனிலேயே ஆர்டர் வாங்குகிற போன் சந்தையில் கடை திறந்துவிட்டாள். போன குளிர்காலத்தில் பாதிக்கு மேல் வியாபாரம் அந்தப் போனில்தான் நடந்தது. நான் நாள் முழுக்க பார்சலுக்கு டேப் ஒட்டிக்கொண்டிருந்தேன். இதெல்லாம் என் யோசனை என்று சந்தையில் சொல்லிவைத்திருந்தேன், அது வேறு விஷயம்.

இப்படி நன்றாகப் போய்க்கொண்டிருக்கையில், இதே கோகந்தில் சலோமத் என்ற ஒரு பெண் எங்கள் கடைக்கு ஒற்றை நட்சத்திரம் போட்டு, "இடது கால் கடிக்கிறது" என்று எழுதிவிட்டாள். மஸ்தூரா "விடுங்க மாமா, மன்னிப்பு எழுதி வேற ஜோடி அனுப்பிட்டேன்" என்கிறாள். எப்படி விடுவது? ஒரே ஊர்க்காரி, நாலு பேர் பார்க்க என் சரக்கைக் குறை சொல்லியிருக்கிறாள். இது மனஸ்தாபம். மனஸ்தாபம் வந்தால் பெரியவர்களைக் கூட்டிக்கொண்டு ரொட்டியோடு வீட்டுக்குப் போய்ப் பேசித் தீர்ப்பதுதானே முறை? விலாசம் பார்சல் சீட்டிலேயே இருந்தது. ரிட்டையரான மாட்டு டாக்டர் நூரித்தினையும், முடிவெட்டும் தோஷ்புலாத்தையும் அழைத்துக்கொண்டு, தந்தூர் அடுப்பிலிருந்து இறக்கிய சூட்டோடு இரண்டு ரொட்டி எடுத்துக்கொண்டு போனேன். கதவைத் திறந்த பெண், மூன்று தொப்பிகளைப் பார்த்ததும் "யாரு தவறிட்டாங்க?" என்று கேட்டாள். நூரித்தின் கல்யாணத்தில் பேசுகிற மாதிரி மன்னிப்பைப் பற்றி நீளமாகப் பேசினார். அதற்குள் தோஷ்புலாத் குனிந்து அவள் காலைப் பார்த்துவிட்டு, "அம்மா, வலது கலிஷை இடது காலில் போட்டிருக்கே" என்றான். அவள் சிரித்தாள், தேநீர் வந்தது, பிறகு கறி போட்ட பலோவ் சோறு வந்தது, சாயங்காலம் வரை எங்களை விடவில்லை. ராத்திரியே ஐந்து நட்சத்திரமாக மாற்றி, எங்கள் படத்தையும் போட்டு எழுதியிருந்தாள்: "ஒத்த நட்சத்திரம் போட்டேன். மூணு பெரியவங்க சூடான ரொட்டியோட வந்து மன்னிப்புக் கேட்டாங்க. என் மாமியார்கூட என்கிட்ட இவ்வளவு மரியாதையாப் பேசினதில்ல."

சந்தை முழுக்க அந்தப் படத்தைக் காட்டினேன். இரண்டு நாள் கழித்துத்தான் தெரிந்தது, காட்டாமலேயே எல்லாரும் பார்த்துவிட்டார்கள் என்று. கலிஷ் வாங்கினவர்கள் வரிசையாக ஒற்றை நட்சத்திரம் போட ஆரம்பித்தார்கள். ஒருத்தி, "கலிஷ் அருமை. வெள்ளிக்கிழமை எல்லாரும் வீட்டில் இருப்போம்" என்று எழுதுகிறாள். இன்னொருவர், "எங்க அப்பாவுக்குப் பேச்சுத்துணை இல்ல, அந்த மாட்டு டாக்டரையும் மறக்காமக் கூட்டிட்டு வாங்க" என்கிறார். "எள்ளு போட்ட ரொட்டியா இருந்தா நல்லது" என்று ஒன்று. கூப்பிட்டவர் வீட்டுக்குப் போகாமல் இருப்பது மரியாதையா, நீங்களே சொல்லுங்க சம்பந்தி. போனோம். எல்லா வீட்டுக்கும் போனோம். நூரித்தின் இதற்காகவே புதுக் கோட்டு தைத்துக்கொண்டார். தோஷ்புலாத் கடையைச் சாத்திவிட்டான், பாதி வெட்டின தலையோட ஒரு ஆள் இன்னும் அவனைத் தேடிக்கிட்டிருக்கான். சாப்பிட்டவங்க எல்லாரும் நட்சத்திரத்தை மாத்துவாங்கன்னு நெனச்சேன். அவங்க என்னடான்னா, மாத்திட்டா நீங்க மறுபடி வரமாட்டீங்களேன்னு அப்படியே விட்டுட்டாங்க.

நாலே முக்கால் நட்சத்திரத்தில் நின்றிருந்த எங்கள் கடை ரெண்டுக்குக் கீழே விழுந்தது. நவ்ரூஸ் பண்டிகைக்குள் மேலே ஏறாவிட்டால் கடையை எடுத்துவிடுவோம் என்று போன் சந்தைக்காரர்கள் எழுதிவிட்டார்கள். அன்றைக்கு நான் மூன்றாவது வீட்டு பலோவ் வயிற்றோடு உள்ளே நுழைகிறேன், மஸ்தூரா வாசலிலேயே நிற்கிறாள்.

"மாமா, நீங்க ஒரு வீட்டுக்குப் போனா பத்து வீட்டுல ஒத்த நட்சத்திரம் விழுது."

"வீடு தேடிப் போறது தப்பாம்மா?"

"போறது தப்பில்ல. ஏப்பம் விட்டுக்கிட்டே அடுத்த வாரமும் வர்றோம்னு சொல்லிட்டு வர்றீங்க பாருங்க, அதுதான் தப்பு. இந்த நட்சத்திரம் ஒண்ணொண்ணும் நான் கண்ணு முழிச்சு வாங்கினது."

அப்போதுதான் என் வாயில் சனி உட்கார்ந்தது. "போனைத் தேய்க்கிறதெல்லாம் ஒரு வியாபாரமா? கடையை வச்சவன் நான்" என்று சொல்லிவிட்டேன். அவள் திருப்பிப் பேசியிருந்தால்கூடத் தேவலை. போனை மேசைமேல் வைத்துவிட்டு உள்ளே போய்ப் பையை எடுத்துக்கொண்டாள். சொன்னது தப்பு என்று அவள் வாசலைத் தாண்டுமுன்பே எனக்கு உறைத்துவிட்டது. கூப்பிட வாயைத் திறந்தேன், இருமல்தான் வந்தது. என் மகன் உமித் இருக்கானே, அவ சொல்றதுக்கும் தலையாட்டினான், நான் சொல்றதுக்கும் தலையாட்டினான், கடைசில பூனையைத் தூக்கி வச்சுக்கிட்டு உக்காந்துட்டான்.

அதன்பிறகு போனை நான் பார்த்துக்கொள்கிறேன். அது டிங் டிங் என்று அடித்துக்கொண்டே இருக்கிறது. சமர்கந்தில் ஒருவர் அளவு கேட்டிருந்தார். பதில் அனுப்பப் போய் எங்கே கை பட்டதோ, பல் டாக்டர் எடுத்த என் கடைவாய்ப் பல் படம் அவருக்குப் போய்விட்டது. அவர் உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள் என்று எழுதி ஐந்து நட்சத்திரம் போட்டிருக்கிறார். இந்த மாதத்தில் எங்களுக்குக் கிடைத்த நல்ல பெயர் அது ஒன்றுதான்.

ஆகவே சம்பந்தி, நான் முடிவாகச் சொல்கிறேன். போன் வியாபாரம் நமக்கு வேண்டாம், அது இருந்துதான் கடை நடக்கவேண்டும் என்பதில்லை. மஸ்தூரா மருமகளாகத் திரும்பி வரட்டும், யாரும் எதையும் கேட்கமாட்டோம், நீங்களே வேனில் ஏற்றி அனுப்பிவையுங்கள். கோபித்து வந்த பெண்ணை மாப்பிள்ளை வீட்டுப் பெரியவர்கள் ரொட்டியோடு வந்து அழைப்பதுதான் முறை என்று நீங்கள் சொல்லியனுப்பினீர்கள். கோகந்தில் யார் யார் வீட்டுக்கோ போனேன், இல்லை என்று சொல்லவில்லை. ஆனால் உங்கள் வீட்டுக்கு வரமாட்டேன். மாமனாருக்கும் மானம் என்று ஒன்று உண்டு.

உங்கள் பசு நல்லபடியாகக் கன்று ஈனட்டும், வாதுமை பனியில் கருகாமல் பூக்கட்டும், சம்பந்தியம்மா மாடிப்படியைத் துணையில்லாமல் ஏறட்டும், உங்கள் வீட்டு அடுப்பு அணையாமல் இருக்கட்டும்.

என்றும் மரியாதையுடன்,
சோபிர்ஜோன்

பின்குறிப்பு: உறையை ஒட்டும் நேரத்தில் போன் டிங் என்றது. மர்கிலானுக்கு ஒரு ஜோடி கறுப்புக் கலிஷ் போயிருக்கிறது, பெரிய அளவு. நானே டேப் ஒட்டி அனுப்பியதுதான், விலாசத்தைக் கவனிக்கவில்லை. வாங்கியவர் பெயர் மஸ்தூரா. ஒற்றை நட்சத்திரம். "கலிஷ் எங்க அப்பாவுக்குக் கச்சிதமா இருக்கு. குறை ஒண்ணுமில்ல. வெள்ளிக்கிழமை நாங்க எல்லாரும் வீட்டுலதான் இருப்போம்" என்று எழுதியிருக்கிறாள்.

இதை நாலு தடவை படித்தேன். நாலாவது தடவை எழுத்து சரியாகத் தெரியவில்லை. நூரித்தின் கோட்டைப் போட்டுக்கொண்டு வாசலில் நிற்கிறார், தோஷ்புலாத் ரொட்டி வாங்கப் போயிருக்கிறான், எள்ளு போட்டதாகவே வாங்கச் சொல்லியிருக்கிறேன். கடிதத்தை வேன்காரரிடம் கொடுக்கவில்லை, வேனில் நானே ஏறுகிறேன். இது உங்கள் கைக்கு வந்தால் மேலே உள்ள சலாமையும் கீழே உள்ள வாழ்த்தையும் மட்டும் படியுங்கள், நடுவில் இருப்பது யாரோ மானஸ்தன் எழுதியது. போனையும் கொண்டுவருகிறேன். ரொட்டியை அவள் கையில் நானே கொடுத்துவிடுவேன். "கடை உன்னுடையதம்மா" என்று சொல்லத்தான் வாய் வருமோ வராதோ தெரியவில்லை. வராவிட்டால், சம்பந்தி, அதை மட்டும் எனக்காக நீங்கள் சொல்லிவிடுங்கள்.