ஜவுளிக்கடை மாடியில் நட்சத்திரப் பள்ளி

மூசா ஹாஜியார் மாடியின் கடைசிப் படியை மிதித்ததுமே, மேசை மேலிருந்த கருவி கடுகு தாளித்தது போலப் படபடவென்று வெடிக்க ஆரம்பித்தது.

"என்ன டீச்சர், பேயைப் பார்த்த மாதிரி கத்துது?"

ருமானாவுக்கு வியர்த்துவிட்டது. மலேசியாவின் கிள்ளானில் ஹாஜியாரின் ஜவுளிக்கடைக்கு மேலிருந்த அந்த ஹாலில்தான் மறுநாள் அவளுடைய அணுக்கரு வானியற்பியல் கோடைப் பள்ளி தொடங்குகிறது. (கிள்ளானில் கோடை எப்போது முடிந்தது என்று யாரும் கேட்கக்கூடாது.) 'நியூக்ளியரா? ஐயோ, வேணாம்மா' என்று போன இடமெல்லாம் கதவைச் சாத்திய பிறகு, இரக்கப்பட்டு இடம் கொடுத்தவர் ஹாஜியார் ஒருவர்தான். இதுவும் போனால் பிள்ளைகளை நடுரோட்டில்தான் உட்கார வைக்க வேண்டும்.

"கதிர்வீச்சு அளக்கிற கருவி ஹாஜியார். காத்து, கல்லு, வாழைப்பழம், எல்லாத்துலயும் கொஞ்சம் இருக்கும்லா."

வாழைப்பழம் என்று அவள் சொல்லியிருக்கக்கூடாது. மறுநாள் தேநீருக்கு மாதிரி பார்க்க வந்திருந்த பீசாங் கோரேங் என்ற வாழைப்பழப் பஜ்ஜித் தட்டை ஹாஜியார் அப்படியே தூக்கிக்கொண்டு கீழே ஓடினார். கருவி அடங்கியது. தட்டைக் கீழே பஜ்ஜி போடும் நல்லம்மாள் அக்காவின் கடையில் திருப்பிக் கொடுத்துவிட்டு ஹாஜியார் மேலே வந்தார். கருவி மறுபடி அலறியது. கீழே நல்லம்மாள் அக்காவும் அலறினார். "யாருடா எம் பழத்துல விஷம் இருக்குன்னு சொன்னது?"

"அப்ப இந்தக் கல்லு மேசையாத்தான் இருக்கணும்" என்றாள் ருமானா.

கருவியைத் தரையில் இறக்கி வைத்துவிட்டு, கடைக்குச் சரக்கு கொண்டுவந்த லோரிக்காரர்கள் மேசையைச் சுமக்க, "பார்த்து, பார்த்து" என்று ஹாஜியாரும் கூடவே இறங்கினார். மேலே அமைதி. மேசை கடை வாசலை அடைத்துக்கொண்டதால், பட்டுச் சேலை பார்க்க வந்த கூட்டம் அடுத்த கடைக்குப் போய்விட்டது. வயிறெரிந்து மேலே வந்தார் ஹாஜியார். அலறல்!

"வீட்டுலயும் நிம்மதி இல்ல, இங்கயும் இல்ல" என்று நாற்காலியில் சாய்ந்தார். "எம் பொண்டாட்டிக்கு என்ன கோவமோ, காலையிலேர்ந்து பேரனைத் தொடவே விடல."

அவர் மனதைத் திருப்ப ருமானா பாடத்தைப் பற்றிப் பேசினாள். "நம்ம ரத்தத்துல இருக்கிற இரும்புகூட நட்சத்திரத்துல சமைச்சதுதான் ஹாஜியார்."

"நீங்க போய்ப் பார்த்தீங்களா?"

"டெக்னீஷியம்னு ஒரு பொருள். உண்டானா ரொம்ப நாள் தாங்காது, அழிஞ்சிடும். அது நட்சத்திரத்துல தெரியுதுன்னா, அங்கதானே புதுசா சமைச்சிருக்கணும்?"

ஹாஜியார் நிமிர்ந்து உட்கார்ந்தார். "அட! அதைப் பிள்ளைங்க கண்ணுல காட்டுவீங்களா?"

"அதுக்கு நான் எங்க போவேன்? படம்தான் காட்டணும்."

டெங்கில் அணு ஆய்வகத்தில் வேலை பார்க்கும் அவளுடைய நண்பர் திருச்செல்வம் இன்னொரு கருவியோடு வந்து சேர்ந்தார். "உன் கருவி பழுதா இருக்கும்" என்று தன்னுடையதைப் போட்டார். இரண்டும் சேர்ந்து கத்தின. கருவியை நீட்டியபடி அவர் சுவர் சுவராகப் போனார். என்ன ஆகுமோ என்ற பயத்தில் ஹாஜியார் அவர் முதுகோடு ஒட்டிக்கொண்டே போனார். கிழக்குச் சுவர் அலறியது. மேற்குச் சுவர் அலறியது. ஜன்னலும் அலறியது.

"கட்டடம் முழுக்க இருக்கு" என்றார் திருச்செல்வம், முகம் வெளுத்து.

"யா அல்லாஹ்! எங்க அத்தா கட்டின கடை!" ஹாஜியாருக்குக் கண் கலங்கிவிட்டது. "டீச்சர், இது எங்கேயிருந்து வருதுன்னு இன்னிக்கே கண்டுபிடிங்க. பிடிச்சிட்டா வருஷா வருஷம் இந்த ஹால் உங்க பிள்ளைங்களுக்குத்தான், இது என் வாக்கு. இல்லேன்னா பேனரைக் கழட்டுங்க."

ருமானா பேனரைப் பார்த்தாள். அவளே ராப்பகலாக வரைந்த நட்சத்திரங்கள்.

அப்போது மூச்சு வாங்க மாடியேறி வந்தார் ஹாஜியாரின் மனைவி சௌதா.

"பேரனைத் தூக்காதீங்கன்னா கோவிச்சிக்கிட்டு இங்க வந்து உக்காந்துக்குறதா? காலையில ஹார்ட் ஸ்கேனுக்கு அந்த டெக்னீஷியம் ஊசி போட்டப்பவே நர்ஸ் படிச்சுப் படிச்சுச் சொன்னதை நீங்க காதுலயே வாங்கலையா, இன்னிக்கு ஒரு நாள் பிள்ளைங்க பக்கத்துல போகாதீங்கன்னு!"