சாவியை முழுங்கிய மீன்

"சாவி எங்கடா குட்டி?"

"மீன் முழுங்கிருச்சுப்பா."

லிஃப்ட் மெக்கானிக் வாசல் கதவைப் பார்த்தார். சாவி மாட்டும் ஆணியைப் பார்த்தார். ஹால் நடுவில் துணி துவைக்கிற டப் நிறைய அரிசி. அதுதான் கடலாம். கரையில் மகள் உட்கார்ந்திருந்தாள், ஒற்றைக் காலில் மட்டும் சாக்ஸோடு.

"அந்த சாக்ஸையாவது கழட்டேன்."

"அது சாக்ஸ் இல்ல, படகு."

நின்றுபோன லிஃப்டில் மாட்டிக்கொண்டவர்களை வெளியே எடுப்பதுதான் அவர் தொழில். "பதறாதீங்க, இதோ வந்துட்டேன்" என்று வெளியே நின்று குரல் கொடுத்தே பழகியவர். இன்றைக்கு உள்ளே மாட்டியிருப்பவர் அவரே. குரல் கொடுக்கத்தான் ஆள் இல்லை.

நர்சரியில் பெயின்ட் அடிக்கிறார்கள், குட்டிக்கு லீவு. அவருக்கும் வார லீவு. மருந்துக்கடை வேலைக்குக் கிளம்பும்போது மனைவி சொல்லிவிட்டுத்தான் போனாள்.

"பொம்மைன்னு எதுவும் வாங்கிராதீங்க. அரிசி, மாவு, தண்ணி, கரண்டி, அவ்வளவு போதும். கையால அளைஞ்சு, எதையாவது கற்பனை பண்ணி விளையாடுவா. எல்லாம் வீட்லயே இருக்கு, கடைப்பக்கமே போக வேணாம். கதவைப் பூட்டியே வைங்க, ஓடிருவா."

சிக்கனத்தில் இவளை அடிக்க ஆளில்லை என்று அவர் மெச்சிக்கொண்டார். ஆனால் எல்லாமே வீட்டில் இல்லை. முக்கியமான ஒன்று எதிர்ப்பக்கப் பெட்டிக்கடையில் இருந்தது. சிகரெட்டை விட்டுவிட்டேன் என்று போன வாரம்தான் மனைவியிடம் சத்தியம் செய்திருந்தார். சத்தியம் செய்தபோது நெஞ்சுக்குள் இந்த அரிப்பு இல்லை. ஒன்றே ஒன்று. அடித்துவிட்டு வாயைக் கொப்பளித்துவிட்டால் யாருக்குத் தெரியப்போகிறது?

அதனால்தான், "கடல் நீலமா இருக்கணும்ல குட்டி? வா, கடைக்குப் போய் கலர் வாங்கிட்டு வரலாம்" என்று தேனொழுகப் பேசிப் பார்த்தார். அந்த நிமிஷம்தான் மீன் சாவியை முழுங்கியது.

"எந்த இடத்துல முழுங்கிச்சு?"

"ஆழத்துல."

கருவிப் பையிலிருந்து காந்தத்தை எடுத்துக் கடலைத் துழாவினார். ஒரு ஹேர்பின் வந்தது. சாவி பித்தளை, காந்தத்தில் ஒட்டாது என்பது அப்புறம்தான் மண்டையில் உறைத்தது. டப்பை அப்படியே தரையில் கவிழ்த்தார். அரிசி சோபாவுக்கு அடியில் ஓடியது, சாவியைக் காணோம்.

"ஐயோ, கடல் வீட்டுக்குள்ள வந்துருச்சு! அப்பா, நீச்சலடி!"

மெக்கானிக் ஏன் நீச்சலடித்தார் என்று அவருக்கே தெரியாது.

குட்டி அவர் கையைப் பிடித்து விரல்களை மோந்து பார்த்தாள்.

"என்ன பண்ற?"

"மீன் வாசம் வருதான்னு பாக்கறேன்."

"சரி, அந்த மீன் எங்க?"

"மீனே இல்லையேப்பா. நீதான் செஞ்சு தரணும்."

இல்லாத மீன் எப்படிச் சாவியை முழுங்கும்? கேட்டால் உதட்டைப் பிதுக்குவாள். மாவு டப்பாவைத் திறந்தார். தண்ணீர் ஊற்றினார், கூழானது. மாவு கொட்டினார், கல்லானது. மறுபடி தண்ணீர், மறுபடி மாவு. டப்பா காலியானபோது தலையணை அளவுக்கு ஒரு மீன் படுத்திருந்தது. கரண்டியால் அதன் வயிற்றைக் கிழித்தார். ஒன்றுமில்லை. தன் கையால் பிசைந்த மீனுக்குள் சாவியைத் தேடுகிறோமே என்ற யோசனை, கிழித்து முடித்த பிறகுதான் வந்தது.

"இது அம்மா மீனுப்பா. முழுங்கினது இதோட பாப்பா."

"பாப்பா எங்க?"

"ஸ்கூலுக்குப் போயிருக்கு."

"இன்னைக்கு லீவுன்னு சொன்னாங்களே!" என்று கத்திவிட்டு, எந்த ஸ்கூலைச் சொல்கிறோம் என்று அவரே குழம்பி நின்றார்.

இனி தொழில்தான் கைகொடுக்கும். ஸ்க்ரூடிரைவரைப் பூட்டில் விட்டு நெம்பினார். கைப்பிடி கழன்று கையோடு வந்தது. கதவு அசையவில்லை.

"அப்பா, கதவோட மூக்கு!"

மெக்கானிக் ஜன்னலுக்கு ஓடினார். இரண்டு மாடிக்குக் கீழே, தெருவுக்கு அந்தப் பக்கம் பெட்டிக்கடை. கடைக்காரரைக் கூப்பிட்டு, இரண்டு விரலை உதட்டில் வைத்துக் காட்டினார். பழைய வாடிக்கையாயிற்றே, அவர் தலையாட்டினார். மெக்கானிக் துணி காயப்போடும் கயிற்றில் ஒரு பையைக் கட்டிக் கீழே இறக்கினார்.

"என்னப்பா பண்ற?"

"தூண்டில்டா செல்லம். மீன் பிடிக்கறேன்."

முதல்முறையாக விளையாட்டு அவருக்குப் பிடிபட்டது. கயிறு ஒரு வெட்டு வெட்டியது.

"சிக்கிருச்சு! இழுப்பா, இழு!"

இழுத்தார். வரவில்லை. எட்டிப் பார்த்தார். பையைக் கெட்டியாகப் பிடித்தபடி, சாப்பாட்டு நேரத்துக்கு வீட்டுக்கு வந்த மனைவி அண்ணாந்து பார்த்துக்கொண்டிருந்தாள். பெட்டிக்கடைக்காரர் அவசர அவசரமாக வேறு பக்கம் திரும்பிக் காலி பாட்டில்களைத் துடைத்தார்.

அவள் தன்னிடமிருந்த சாவியால் திறந்து உள்ளே வந்தாள். அரிசி, கிழிந்த மீன், அவர் கையில் இன்னும் இருந்த கதவின் மூக்கு, எல்லாவற்றையும் பார்த்தாள்.

"சும்மா... தூண்டில் விளையாட்டு. பாவம், குழந்தை ஆசைப்பட்டா. சாவிய வேற எங்கயோ தொலைச்சுட்டா, நீ அவளத் திட்டாத" என்றார் மெக்கானிக், பெருந்தன்மையோடு.

குட்டி படகைக் கழற்றித் தலைகீழாக உதறினாள். சாவி டங்கென்று தரையில் விழுந்தது.

"இந்தாம்மா சாவி. கடைக்கு விடவே இல்ல, கையையும் மோந்து மோந்து பாத்துட்டேன், புகை வாசமே இல்ல. ஆனா அடுத்த லீவுக்கு வேற விளையாட்டு சொல்லிக்குடும்மா, கடல்னு சொன்னா அப்பா இனிமே நம்பவே மாட்டாரு!"