மாமனார் கடித்த பீடா பஜ்ஜி

கடலைமாவில் முக்கிப் பொரித்தால் உலகத்தில் தின்ன முடியாத பொருளே கிடையாது என்று நம்பியிருந்தவள் நான். (எம்.எஸ்சி. வேதியியல் படித்த பிறகும்.)

கள்ளக்குறிச்சியில் எனக்கு நிச்சயதார்த்தம் முடிந்த மறுநாள் மத்தியானம். அம்மாவும் அப்பாவும் வாடகைப் பாத்திரங்களைத் திருப்பிக் கொடுக்கப் போயிருந்தார்கள். வீட்டில் நானும், கல்லூரித் தோழிகள் ஷபானாவும் சுமதியும். கூடவே விருந்தில் மிஞ்சிய கட்லெட், குலாப் ஜாமூன், ஒரு தட்டு பீடா. டிவியில், பள்ளிக்கூட நாட்களில் போர்வைக்குள்ளிருந்து பார்த்த பேய்த் தொடரை மறுபடி போட்டிருந்தார்கள். இப்போதும் பயம் வருமா என்று பார்க்க உட்கார்ந்தோம். பயம் வரவில்லை. பசிதான் வந்தது.

நமத்த கட்லெட்டை மறுபடி எண்ணெயில் போட்டோம். மொறுமொறுவென்று வந்தது. அங்கேதான் எனக்கு அந்தக் கேள்வி பிறந்தது: ஜாமூனை மாவில் முக்கிப் போட்டால்?

"வெடிக்கும்டி" என்றாள் சுமதி. வெடிக்கவில்லை. ருசியாகவே இருந்தது.

"அப்ப பீடா?"

"உன்ன பாத்தாதான்டி பயமா கீது" என்றாள் ஷபானா. மாவுக் கிண்ணத்தை நகர்த்திக் கொடுத்ததும் அவள்தான்.

விளம்பரத்துக்கு விளம்பரம் ஒரு ஈடு. கடைசியில் தட்டு நிறைய ஒரே மாதிரி உருண்டைகள். எதற்குள் எது என்று எங்களுக்கே தெரியாது. அப்போது கதவு தட்டும் சத்தம். பேய்தான் என்று டிவி ஒலியைக் குறைத்தோம். தட்டுவது குறையவில்லை.

வாசலில் என் வருங்கால மாமனார். சர்க்கரை ஆலையில் கரும்பு வண்டி எடை போடுபவர், அதிகம் பேசாதவர்.

"கண்ணாடிய இங்கயே வெச்சிட்டுப் போய்ட்டேம்மா. வூட்ல பெரியவங்க இல்லியா?"

"இதோ வந்துடுவாங்க மாமா, உக்காருங்க."

நான் கண்ணாடி தேட உள்ளே ஓடினேன். கண்ணாடியோடு திரும்பி வந்தால், மரியாதை தெரிந்த சுமதி அந்தத் தட்டை அவர் முன்னால் வைத்திருக்கிறாள். அவர் மென்றுகொண்டிருந்தார். கடைவாயில் சிவப்பாக ஏதோ வழிந்தது.

"ஐயோ ரத்தம்" என்று ஷபானா எழுந்தேவிட்டாள்.

"ரத்தமில்ல மாமா, பீடா" என்றேன்.

அவர் வாயிலிருந்து பீடாவில் குத்தியிருந்த குச்சியை மெதுவாக உருவினார். கண்ணாடியை மாட்டி, மிச்சத்தைப் பிரித்து வெகுநேரம் பார்த்தார். அதற்குள் நான் மனசுக்குள் மோதிரம், பட்டுப்புடவை எல்லாவற்றையும் திருப்பிக் கொடுத்துவிட்டேன்.

"மாவுல உப்பு போட்டியாம்மா?"

"போட்டேன் மாமா."

"அதான் தப்பு. பீடாக்கு உப்பு ஆவாது." அடுப்படியை எட்டிப் பார்த்தார். "வாழப்பழம் இருக்குதா? தோலோட போட்டா இன்னா ஆவுதுன்னு பாப்பமே."

அப்பாவும் அம்மாவும் திரும்பியபோது சம்பந்தி அடுப்படியில் கரண்டியோடு நின்றிருந்தார். அம்மா என்னிடம் இரண்டு நாள் பேசவில்லை.

கல்யாணம் நடந்தது. ஆனால் இன்றுவரை நான் எதை வைத்தாலும், இட்லியே ஆனாலும், "உள்ள இன்னா இருக்குது?" என்று கேட்டுவிட்டுத்தான் மாமனார் கை வைப்பார். எனக்குக் குழந்தை பிறந்தபோது நர்ஸ் துணியில் சுற்றிக்கொண்டு வந்து நீட்டினார். அங்கேயும் மாமனார் அதையே கேட்டார்.

"பொண்ணுங்க" என்றார் நர்ஸ், பொறுப்பாக. கட்டிலில் கிடந்த எனக்குத் தையல் பிரிந்துவிடும்போல் சிரிப்பு வந்தது.